பதினாறு போல்ட், ஒரு பேக்கிங், ஒரு மாமனார்

மார்ச் கடைசி வாரம். டயரில் ஒட்டி வந்த பனி உருகி கராஜ் தரையெல்லாம் ஈரம். அந்த ஈரத்துக்கு நடுவில் எட்டணா அகலத்துக்கு ஒரு சிவப்புப் பொட்டு. முதலில் பார்த்தது என் மனைவி. "குங்குமத்தைக் கொட்டினது யாரு?" என்றாள், ஏழு வயதுப் பையனை முறைத்தபடி. நான் குனிந்து தொட்டு முகர்ந்து பார்த்தேன். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஓடுகிற ட்ரான்ஸ்மிஷன் ஆயில். பையன் தப்பித்தான்.

எஞ்சின் ஆயிலும் இதுவும் ஒரே நிறத்தில் இருந்தால் தரையில் சொட்டுவது எங்கிருந்து என்று கண்டுபிடிக்க முடியாது. அதற்காகவே இதில் சிவப்புச் சாயம் கலக்கிறார்கள். சாயத்துக்கு வேறு வேலை கிடையாது. அன்றைக்கு அது தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. அடுத்து நான் செய்த வேலைதான் ஒழுங்கில்லை.

வண்டி 2006 மாடல் எஸ்.யூ.வி. ஊருக்கே திரும்பிப் போன ஒரு நண்பரிடம் வாங்கியது, இப்போது 1,68,000 மைல் ஓடியிருக்கிறது. அடியில் நுழைந்து டார்ச் அடித்தேன். கியர்பாக்ஸின் வயிற்றில் தகரத் தட்டு மாதிரி ஒன்று, சுற்றிலும் பதினாறு போல்ட். இரண்டு போல்ட்டைச் சுற்றி ஈரம். ஒழுகுகிறதா, இறுக்கு. இந்த அறிவுக்கு எந்தப் படிப்பும் வேண்டாமே? ஸ்பேனரை எடுத்து பதினாறையும் ஒரு கை பார்த்தேன். ஒன்று மட்டும் கடைசியில் கொஞ்சம் இளகிச் சுற்றின மாதிரி இருந்தது. இறுகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டு வாரத்தில் எட்டணா இட்லி ஆனது. ஏப்ரல் நடுவில் இட்லி ஊத்தப்பம் ஆனது.

நான் இருப்பது டெட்ராய்ட்டுக்கு மேற்கே, கேன்டனில். பிழைப்பு கார்களுக்கு மென்பொருள் எழுதுவது. கியர்பாக்ஸுக்கு எந்தக் கணத்தில் எந்த கியர் என்று முடிவெடுக்கும் பெட்டிகளைப் பற்றி மணிக்கணக்கில் மீட்டிங்கில் பேசுவேன். அந்தக் கியர்பாக்ஸின் அடித்தட்டை அதுவரை நேரில் பார்த்ததில்லை. வெட்கம்தான். பக்கத்துப் பட்டறையில் 420 டாலர் கேட்டார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

மே மாதம் திருச்சியிலிருந்து மாமனாரும் மாமியாரும் ஆறு மாத விசாவில் வந்தார்கள். மாமா அரசுப் பேருந்துப் பணிமனையில் முப்பத்திரண்டு வருஷம் மெக்கானிக். வந்த மூன்றாம் நாளே இங்கே அவருக்குப் பொழுது போகவில்லை. கராஜில் நடந்துகொண்டிருந்தவர் ஊத்தப்பத்தைப் பார்த்துவிட்டார்.

"மாப்ள, சேம்பர் ஒழுகுது போல?"

"ஆமா மாமா. நான் நல்லா இறுக்கிக்கூட பாத்தேன்."

"இறுக்கினீங்களா?" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வியின் தொனியிலேயே எனக்கு எல்லாம் விளங்கியது.

நம் ஊர் பட்டறைப் பேச்சில் இந்தத் தட்டுக்கு சேம்பர், இடையில் வைக்கும் கேஸ்கட்டுக்கு பேக்கிங். கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஆயிலுக்கு இந்தத் தட்டுதான் தொட்டி. ஃபில்டர் ஒன்று தன் வாயைத் தொட்டியின் அடியில் வைத்துக்கொண்டு ஆயிலை உறிஞ்சும். மேலே பம்ப் அதை அழுத்தத்தோடு வால்வுகளுக்கு அனுப்பும். அந்த அழுத்தம்தான் கிளட்ச் தட்டுகளைப் பிடிப்பதும் விடுவதும். கையால் போடும் கியரில் ஆயில் குறைந்தால் பல்சக்கரம் தேயும், ஆனாலும் வண்டி கொஞ்ச தூரம் ஓடும். இதில் ஆயில் குறைந்தால் கிளட்சைப் பிடிக்கவே ஆள் இல்லை. வழுக்கும், சூடாகும், கருகும். ஒரு ஊத்தப்பத்துக்கு இவ்வளவு பயம் எதற்கு என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

மாமா முதலில் போல்ட்டைத் தொடவே விடவில்லை. "எங்க ஒழுகுதுனு பாக்காம எதுக்குக் கழட்டறது?" ஆயில் மேலே எங்காவது கசிந்து, வழிந்து வந்து கடைசியாகச் சொட்டும் இடம் தட்டாகத்தான் இருக்கும். கூலர் குழாயின் இணைப்பு, கியர் லீவர் தண்டின் சீல் எல்லாமே தட்டுக்கு மேலே இருப்பவை. பிரேக் கிளீனர் அடித்து எல்லாவற்றையும் பளிச்சென்று துடைத்தோம். பத்து மைல் ஓட்டிவிட்டு வந்து, அடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு ராத்திரி விட்டோம். காலையில் மேலே எல்லாம் உலர்ந்து கிடந்தது. தட்டின் விளிம்பில் மட்டும் சிவப்பு வரிசை கட்டியிருந்தது. சந்தேகமே இல்லை, பேக்கிங்தான்.

ஆனால் தட்டையும் மாற்ற வேண்டியிருந்தது. விரல் நகத்தால் சுரண்டினால் துரு செதில் செதிலாக உதிர்ந்தது. மிச்சிகனில் குளிர்காலம் முழுக்க சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். அந்த உப்பு எங்கிருந்து வருகிறது என்று மாமா கேட்டபோது நான் சொன்ன பதிலை அவர் நம்பவில்லை. டெட்ராய்ட் நகரத்துக்குக் கீழேயே சுமார் 1,200 அடி ஆழத்தில் உப்புச் சுரங்கம் இருக்கிறது. 1910-இல் உப்பெடுக்கத் தொடங்கினார்கள், 1,500 ஏக்கருக்குப் பரந்து கிடக்கிறது. மேலே கார் செய்கிறார்கள், கீழே அதைத் தின்னும் உப்பை எடுக்கிறார்கள். "நல்ல ஊரு" என்றார் மாமா.

சாமான் வாங்கப் போனதில் இரண்டு விஷயம். பழைய தட்டில் ஆயிலை வடிக்க அடியில் போல்ட்டே கிடையாது, நிறைய வண்டிகளில் அப்படித்தான். வடிகால் போல்ட் வைத்த புதுத் தட்டாகப் பார்த்து வாங்கினேன். அந்தப் புண்ணியம் அடுத்த தடவைக்கு. இன்னொன்று ஆயில். கையேட்டில் என்ன பெயர் போட்டிருக்கிறதோ அதுதான், கடைக்காரர் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று நீட்டுவது அல்ல. டொயோட்டாவுக்கு டபிள்யூ.எஸ்., ஹோண்டாவுக்கு டி.டபிள்யூ.-1, ஃபோர்டுக்கு மெர்கான், ஜி.எம்.முக்கு டெக்ஸ்ரான் என்று ஆளுக்கொரு வகை. வெறும் வியாபாரத் தந்திரம் என்று நினைத்திருந்தேன். முழுக்க அப்படி இல்லை. கிளட்ச் தட்டு ஒன்றை ஒன்று பிடிக்கும்போது எவ்வளவு வழுக்க வேண்டும், எந்தக் கணத்தில் கவ்வ வேண்டும் என்பதையே இந்த ஆயிலில் சேர்க்கும் சரக்குதான் தீர்மானிக்கிறது. ஒரு காலத்தில் அந்தச் சரக்கு திமிங்கில எண்ணெய். நிஜமாகவே. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதைத் தடை செய்தபோது கார் கம்பெனிகள் மாற்று தேடி அல்லாடின. திமிங்கில எண்ணெய் கலந்த ஆயிலில் அமெரிக்காவே கியர் மாற்றிக்கொண்டிருந்தது என்பதை இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

கடைக்குப் போய்வரும் வழியில் மாமாவுக்கு வில்லோ ரன்னைக் காட்டினேன், எங்கள் வீட்டுக்குப் பக்கம்தான். இரண்டாம் உலகப்போரில் ஃபோர்டு அங்கே பி-24 குண்டுவீச்சு விமானங்களைச் செய்தது. 1953 ஆகஸ்டில் லிவோனியாவில் இருந்த ஜி.எம்.மின் ஹைட்ரமேட்டிக் கியர்பாக்ஸ் தொழிற்சாலை எரிந்து சாம்பலானது. வேறு இடமில்லாமல் இந்த விமானக் கொட்டகைக்கு மாறி, 2010 வரை இங்கேதான் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்தார்கள். மாமா கண்ணாடியை இறக்கி ரொம்ப நேரம் பார்த்தார். "எத்தனை பேரு வேலை பாத்திருப்பான்!" என்றார். அவருக்குக் கட்டடம் தெரியவில்லை, ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும் கூட்டம்தான் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை காலை ஆரம்பித்தோம். வாசலில் வைத்துச் செய்தால் குடியிருப்புச் சங்கத்திலிருந்து கடிதம் வரும், அதனால் கராஜுக்குள். முன் சக்கரம் இரண்டையும் சாய்வு மேடையில் ஏற்றி, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் தலையைக் கொடுக்கக் கூடாது. இதை மாமா சிரிக்காமல் சொன்னார், கண்ணால் பார்த்த ஏதோ ஒன்று அவர் முகத்தில் வந்து போனது. நான் கேட்கவில்லை. "எங்க டிப்போல பள்ளத்துல எறங்கி நின்னுக்கிட்டே பாப்போம் மாப்ள. இது என்ன, பாம்பு மாதிரி மல்லாந்து!" என்று புலம்பிக்கொண்டே எழுபது வயதில் என்னைவிட வேகமாக அடியில் நுழைந்தார்.

ஆயில் கை பொறுக்கும் சூட்டில் இருக்க வேண்டும். ஆறிப்போனால் கெட்டியாக இழுத்து வடியும், ஓட்டிவிட்டு உடனே கழற்றினால் வெந்துபோவோம். வடிகால் போல்ட் இல்லாத தட்டில் சூட்சுமமே கழற்றும் வரிசைதான். ஒரு பக்கத்து போல்ட்டுகளை இரண்டு சுற்று மட்டும் தளர்த்தி விட்டுவிட்டு, மற்ற மூன்று பக்கமும் கழற்றினால் தட்டு ஒரு மூலையாகச் சாயும், ஆயில் அந்த மூலை வழியே வழியும். சிமென்ட் குழைக்கும் பெரிய பிளாஸ்டிக் தொட்டியைக் கீழே வைத்திருந்தோம். நியாயமான திட்டம். ஆனால் தட்டு பேக்கிங்கோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. நான் ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினேன். அது மொத்தமாக விட்டுக்கொண்டது. தொட்டியில் முக்கால், என் வலது தோளில் கால். அத்தை சமையலறைக் கதவிலிருந்து பார்த்துவிட்டு, "ஐயோ, ரத்தம்!" என்று கத்தியதில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. சிந்தினதற்கு பூனைக்குப் போடும் மணலைக் கொட்டினேன். கராஜில் எண்ணெய் சிந்தினால் அதைவிட நல்ல மருந்து இல்லை.

ஊரில் திருப்பூர் பனியன் வேஸ்ட் மூட்டை மூட்டையாக வரும், கையைத் துடைத்துவிட்டுத் தூக்கிப் போடலாம். இங்கே நீல நிறக் காகிதச் சுருள். மாமாவுக்கு அது கடைசிவரை பிடிக்கவில்லை. என்னுடைய பழைய கல்லூரி டி-ஷர்ட் ஒன்று அன்று வீர மரணம் அடைந்தது.

தட்டின் அடியில் வட்டக் காந்தம் ஒன்று உண்டு. அதை எடுத்துப் பார்ப்பதுதான் இந்த வேலையிலேயே நெஞ்சு படபடக்கும் இடம். சாம்பல் நிறத்தில் மை மாதிரி பசை அப்பியிருந்தால் கவலையில்லை, வருஷக்கணக்கில் தேய்ந்த இரும்புப் பொடி. ஊசி ஊசியாக, சில்லு சில்லாக இருந்தால் உள்ளே ஏதோ உடைகிறது. மாமா பசையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, அத்தை மாவு பதம் பார்க்கிற மாதிரியே தேய்த்துப் பார்த்தார். "மாவுதான். ரவை இல்ல." ஆயிலையும் முகர்ந்தார். கருகின வாடை இல்லை, பழசான வாடை மட்டும்.

இந்த இடத்தில் வாட்ஸப் குழு நண்பர்கள் சொன்ன பயமுறுத்தலையும் சொல்லிவிடுகிறேன். ஒரு லட்சம் மைல் தாண்டிய வண்டிக்கு ஆயில் மாற்றினால் கியர்பாக்ஸ் செத்துப்போகுமாம். ஏற்கெனவே வழுக்க ஆரம்பித்த வண்டிக்குத்தான் பலர் பதறிப்போய் ஆயில் மாற்றுகிறார்கள். அது செத்ததும் பழி ஆயில்மேல் விழுகிறது. தவிர, தட்டைக் கழற்றினால் எல்லா ஆயிலும் வந்துவிடாது. பாதிக்கு மேல் டார்க் கன்வர்ட்டருக்குள்ளும் குழாய்களிலும் தங்கிவிடும். காலி பால் கேன்களில் ஊற்றி அளந்தேன். ஒரு கேலனும் இன்னொன்றில் கால்வாசியும், ஏறக்குறைய 4.7 லிட்டர். அதே அளவுதான் திரும்ப ஊற்ற வேண்டும், அதனால் அளக்காமல் கொட்டிவிடாதீர்கள்.

பழைய ஃபில்டரை இழுத்ததும் வந்துவிட்டது, அதன் கழுத்து சீல் மட்டும் ஓட்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. புது சீலைப் பழையதின் மேலேயே திணித்துவிட்டு, பம்ப் காற்றை உறிஞ்சி, கியர் விழவில்லை என்று தலையைச் சொறிந்தவர்கள் உண்டு. சின்ன ஸ்க்ரூ டிரைவரால் சீலை உள்பக்கமாக மடக்கி எடுக்க வேண்டும். ஓட்டையின் சுவரில் ஒரு கீறல் விழக் கூடாது. இதற்கு மட்டும் நாற்பது நிமிஷம்.

பிறகு அந்த போல்ட். இளகிச் சுற்றின மாதிரி இருந்ததே, அது. கழற்றினால் அதன் மரையில் அலுமினியம் வெள்ளிக் கம்பியாகச் சுற்றிக்கொண்டு வந்தது. போல்ட் இரும்பு, கியர்பாக்ஸ் உடம்பு அலுமினியம். இரண்டும் மல்லுக்கட்டினால் யார் தோற்பார் என்று தெரியாதா? மாமா ஓட்டையில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "மரை போச்சு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "மரை கழண்டவன் வேலை" என்று தனக்குத்தானே முணுமுணுத்தார். மாப்பிள்ளை காதில் விழட்டும் என்றேதான்.

வைத்தியம் உண்டு. ஓட்டையைக் கொஞ்சம் பெரிசாக்கி, புது மரை வெட்டி, அதில் எஃகுக் கம்பிச் சுருளை மரை போலத் திருகி உட்கார வைப்பது. ஹெலிகாயில் என்பார்கள். ட்ரில் முனையில் கிரீஸை அப்பிக்கொண்டால் சீவல் அதிலேயே ஒட்டிக்கொள்ளும், உள்ளே போகாது. ட்ரில்லை மாமாதான் பிடித்தார். நான் டார்ச் பிடித்தேன். வாழ்க்கையில் அவ்வளவு அசையாமல் எதையும் பிடித்ததில்லை.

கழற்றின தட்டைக் கவிழ்த்து வைத்துப் பார்த்தபோதுதான் மார்ச் மாதம் நான் செய்தது முழுதாகப் புரிந்தது. விளிம்பு மெல்லிய தகடு. ஒவ்வொரு போல்ட் ஓட்டையைச் சுற்றியும் குழி விழுந்து, இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே தகடு வில்லாக வளைந்திருந்தது. போல்ட் இருக்கும் இடத்தில் பேக்கிங் நசுங்கிப் பிதுங்கியிருக்கிறது, நடுவில் அழுத்தமே இல்லை. ஒழுகல் அங்கிருந்துதான். இறுக்க இறுக்க வில் அதிகமாகும், ஒழுகலும் அதிகமாகும். புதுத் தட்டு வாங்காதவர்கள் விளிம்பை ஒரு மரக்கட்டைமேல் வைத்து, குழியைச் சுத்தியலால் தட்டிச் சமமாக்கிவிட்டுத்தான் திரும்பப் போட வேண்டும்.

பேக்கிங் விஷயத்தில் எங்களுக்குள் சண்டை வந்தது. மாமாவின் காலத்தில் கார்க் அல்லது காகித பேக்கிங், அதன்மேல் ஷெல்லாக் தடவுவார்கள். பிற்பாடு அனபாண்ட் பசை. நான் வாங்கியது நடுவில் எஃகும் இரு பக்கமும் வார்த்த ரப்பரும். "எதுவும் தடவாம வெச்சா எப்படி மாப்ள நிக்கும்?" என்றார். தடவினால்தான் நிற்காது, ரப்பருக்கும் தகடுக்கும் நடுவில் பசை இருந்தால் இறுக்கும்போது பேக்கிங் வெளியே வழுக்கிக்கொண்டு போகும் என்று பெட்டியில் அச்சடித்திருந்ததைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடி போட்டுப் படித்தார். அத்தை உள்ளேயிருந்து, "குக்கர் கேஸ்கட் தளர்ந்தா ஃப்ரீஸர்ல வெப்பேன், அத வெச்சுப் பாருங்களேன்" என்றார். குக்கர் மூடிக்கு யாரும் அனபாண்ட் தடவுவதில்லையே என்று நான் சொன்னதும் மாமா விட்டுக்கொடுத்தார்.

கியர்பாக்ஸ் பக்கத்து முகத்தைப் பிளாஸ்டிக் சுரண்டியால் மட்டும் சுத்தம் செய்தேன். கம்பி பிரஷ், ட்ரில்லில் மாட்டும் தேய்ப்பான் எல்லாம் அலுமினியத்தைத் தின்று பொடியை உள்ளே அனுப்பும். இப்போது அடுத்த தொல்லை. தட்டைத் தலைகீழாகத் தூக்கிப் பிடிக்கும்போது பேக்கிங் நகர்ந்து போல்ட் ஓட்டைகளை மறைக்கிறது. இரண்டு கைதான் இருக்கிறது. மாமா பேசாமல் உள்ளே போய் அத்தையின் தையல் டப்பாவோடு வந்தார். நான்கு ஓட்டைகளில் மெல்லிய நூலை விட்டு பேக்கிங்கைத் தட்டோடு முடிச்சுப் போட்டார். மற்ற பன்னிரண்டு போல்ட்டையும் கையால் மாட்டினோம். பிறகு நூலை அறுத்து உருவிவிட்டு அந்த நான்கையும் மாட்டினோம். அட்டைப்பெட்டியில் அச்சடிக்காத விஷயமும் இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. முடிச்சு போடும்போது என்னை ஒரு பார்வை மட்டும் பார்த்தார்.

இறுக்கும் கணக்கு 11 நியூட்டன்-மீட்டர். அமெரிக்கக் கணக்கில் 97 அங்குல-பவுண்டு. அங்குலம், அடி அல்ல! என்னிடம் இருந்த பெரிய டார்க் ரெஞ்ச் அடி-பவுண்டுக்காரன், சக்கர நட்டுக்கு வைத்திருப்பது. அதில் 97 வைத்திருந்தால் வேண்டியதைப்போல் பன்னிரண்டு மடங்கு. போல்ட் முறியும், இல்லாவிட்டால் பதினாறு ஓட்டைக்கும் ஹெலிகாயில். சரியான அளவு எட்டு அடி-பவுண்டு மட்டுமே, அது அந்த ரெஞ்ச்சின் கோடுகளில் தொடங்கவே இல்லை. அங்குல-பவுண்டு ரெஞ்ச் ஒன்றை அலுவலக நண்பரிடம் இரவல் வாங்கியிருந்தேன். நடுவிலிருந்து ஆரம்பித்து எதிரெதிராக, மூன்று சுற்றில்.

மாமா ரெஞ்ச்சைத் தொடவில்லை. சின்ன ராட்செட்டின் கைப்பிடியை விட்டுவிட்டு, கழுத்தை மூன்று விரலால் பிடித்துத் திருகினார். அவர் இறுக்கின எட்டில் நான் ரெஞ்ச் வைத்துப் பார்த்தேன். ஏழில் மயிரிழை நகர்ந்து 'டிக்' என்றது. ஒன்றில் கால் சுற்று போனது. ஹெலிகாயில் போட்ட போல்ட். "அதுல பயந்துட்டேன்" என்று ஒத்துக்கொண்டார்.

ஆயில் ஊற்றுவது டிப்ஸ்டிக் குழாய் வழியாக, நீண்ட கழுத்துள்ள புனலில். டிப்ஸ்டிக்கே இல்லாத புது வண்டிகள் உண்டு, அதற்கு வேறு முறை, வேறு தலைவலி. வண்டியைச் சமதரைக்கு இறக்கி, நாலரை குவார்ட் ஊற்றி, ஸ்டார்ட் செய்து, பிரேக்கை மிதித்தபடி எல்லா கியரிலும் சில நொடி வைத்து எடுத்தேன். மாமா எஞ்சினை நிறுத்தச் சொன்னார், அளவு பார்க்க. இதில் நான் விடவில்லை. நிறுத்தினால் மேலே இருக்கும் ஆயில் இறங்கி வந்து தட்டில் சேரும், அதிகம் இருப்பது போலப் பொய் காட்டும். பெரும்பாலான வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதே, ஆயில் சூடேறிய பிறகு பார்க்க வேண்டும். என் கையேட்டில் 82-இலிருந்து 93 டிகிரி செல்சியஸ். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து பார்த்தோம், இன்னும் கொஞ்சம் ஊற்ற வேண்டியிருந்தது. அதிகம் ஊற்றினாலும் ஆபத்து, சுழலும் பாகங்கள் கடைந்து நுரையாக்கிவிடும். நுரைக்கு அழுத்தம் கிடையாது.

ஞாயிறு காலை அட்டையில் ஒரு சொட்டு. எனக்கு வயிற்றைக் கலக்கியது. கை தானாக ராட்செட்டைத் தேடிப் போனது. மாமா அதை வாங்கித் தன் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, டார்ச்சோடு அடியில் போனார். சனிக்கிழமை கொட்டினதில் மிச்சம், குறுக்குச் சட்டத்தின் பள்ளத்தில் தேங்கியிருந்தது. துடைத்தோம். திங்கள், செவ்வாய் அட்டை வெறும் அட்டையாகவே இருந்தது. பழைய ஆயிலை பால் கேனோடு உதிரிபாகக் கடையில் கொடுத்தேன், காசில்லாமல் வாங்கிக்கொள்கிறார்கள். ஒரு முறை மாற்றிய ஆயில் பத்து லட்சம் கேலன் நல்ல தண்ணீரைக் கெடுக்கும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறையின் கணக்கு. சாக்கடையில் ஊற்றுகிறவர்கள் தயவுசெய்து அதை ஒரு முறை நினைத்துக்கொள்ளுங்கள்.

செலவு மொத்தம் 165 டாலர், ஹெலிகாயில் உட்பட. டி-ஷர்ட்டைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அக்டோபரில் அவர்கள் ஊருக்குப் போனார்கள். போய் இறங்கிய மறுநாள் மாமா கூப்பிட்டார். பேரனைக் கேட்பதற்கு முன்னால்,

"சேம்பர் எப்படி மாப்ள?"

"சொட்டு இல்ல மாமா."

"கைய கிய்ய வெச்சீங்களா?"

"இல்ல மாமா."

"சரி, பையன்கிட்ட குடுங்க."